9 பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும், கண் முன்னால் மூன்று இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

முருங்கைமரத்தடி:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்குத் தோட்டத்து வீடு. அத்தை காலத்திலிருந்தே கோழி உண்டு, இப்போது 9 பெட்டைகள் இருக்கின்றன. 6 சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), 2 கழுத்தறுத்தான் (கழுத்தில் மயிர் இல்லாத வகை), ஒன்று மட்டும் பெரிய உடம்புள்ள பெருவிடை வகையின் கலப்பு. முட்டை வீட்டுக்கு ஆகும், குஞ்சு பொரித்து வளர்த்துக் கொஞ்சம் விற்போம், விருந்தாளி வந்தால் அறுப்போம். பண்ணை எல்லாம் இல்லை.

ஆடி மாதம் பழைய சேவலை நாய்கள் கடித்துவிட்டன. 4 வருடம் இருந்தது. பெட்டைகள் எல்லாம் வைக்கோல் போர் மேல் ஏறிவிட்டன, அது மட்டும் கீழே நின்று கத்திக்கொண்டே மாட்டிக்கொண்டது. வீட்டில் எல்லோருக்கும் மனசே சரியில்லை, அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது என் முன்னால் மூன்று சேவல்கள். முதலாவது எங்கள் வீட்டிலேயே பொரித்தது, 7 மாதம் ஆகிறது, பழைய சேவலின் மகன், அப்பனைப் போலவே செவலை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் என் மகளை (4 வயது) பார்த்தால் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வருகிறது, போன வாரம் முழங்காலில் கொத்திவிட்டது. இரண்டாவது, பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கொடுப்பதாகச் சொல்லும் பெருவிடைச் சேவல், 4 கிலோ இருக்கும், 3,500 ரூபாய் கேட்கிறார், அதை வாங்கினால் குஞ்செல்லாம் பெரிதாக வரும் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார். மூன்றாவது, என் சித்தி ஊரில் இருக்கும் சாம்பல் நிறச் சிறுவிடைச் சேவல், ஒன்றரை வயது, வால் கூட ஒழுங்காக இல்லை, கொண்டையும் சின்னது. சித்தி சும்மா தருகிறேன் என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆவணியில் 12 முட்டை அடைக்கு வைத்தேன். 4 குஞ்சுதான் வந்தது, அதில் ஒன்றுக்குக் கால் விரல் மடங்கியிருந்தது. மீதி எல்லாம் கூமுட்டை. முன்பெல்லாம் 12க்கு 10 வரும். வீட்டுச் சேவலை வைத்துக்கொள்ளலாமா, இல்லை இரண்டு சேவலாகவே வைத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அமராவதிக்கரை:

அம்மிணி, வீட்டுச் சேவலை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அழகாக இருக்கிறது, அப்பன் நினைவாக இருக்கிறது, எல்லாம் புரிகிறது. ஆனால் அந்த 9 பெட்டையில் ஒன்று அதன் தாய், இரண்டு மூன்றாவது அக்கா தங்கையாக இருக்கும். தாயையும் கூடப்பிறந்ததையும் மிதித்து, அதாவது இணைசேர்ந்து, வரும் முட்டையில் கரு கூடினாலும் பாதி வழியில் செத்துப்போவது, பொரித்த குஞ்சு நோஞ்சானாக இருப்பது, கால் கோணுவது எல்லாம் கூடுதலாக வரும். உங்கள் பழைய சேவலே 4 வருடம் இருந்திருக்கிறது என்றால் அதுவே தன் மகள்களை மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், ஆக இது இரண்டாம் சுற்று. ஆவணியில் வைத்த முட்டைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அப்போது அதற்கு 6 மாதம்தான், கூவ ஆரம்பித்துவிட்டால் மட்டும் சேவல் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. நான் 8 மாதத்துக்குக் குறைந்த சேவலின் முட்டையை அடைக்கு வைப்பதில்லை.

இது எல்லாவற்றையும் விட முக்கியம் உங்கள் மகள். நம்மைக் கொத்தினால் காலில் படும், 4 வயதுக் குழந்தைக்கு முகத்தில் படும். கால் முள் இன்னும் வளரும், வளர்ந்த பிறகு கண்ணில் ஒரு அடி விழுந்தால் என்ன செய்வீர்கள்? ஆளைப் பாயும் குணம் பெரும்பாலும் குஞ்சுக்கும் இறங்கும். என் தோட்டத்தில் அப்படி ஒன்றை அழகுக்காக 2 வருடம் வைத்திருந்தேன், அதன் மகன்களில் பாதிக்குமேல் அதே குணம், எல்லாவற்றையும் கழித்துக் கட்ட இன்னொரு 2 வருடம் ஆனது. ஆளைப் பாயும் சேவலை விதைக்கு வைக்கக் கூடாது. இன்றே தனியாக அடையுங்கள்.

அடுத்தது பெருவிடை. உங்கள் சிறுவிடைப் பெட்டை ஒவ்வொன்றும் ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றேகால் கிலோ இருக்கும். அதன் முதுகில் 4 கிலோ ஏறி நின்றால் என்ன ஆகும்? முதுகு மயிர் உதிரும், விலாவில் நகம் கிழிக்கும், கால் நொண்டும். கோழி பயந்து ஓடி ஓடி ஒளிந்துகொள்ளும், மிதியும் சரியாக விழாது, விழாத மிதிக்கு எப்படிக் கரு கூடும்? அந்த ஒரு கலப்புக் கோழிக்கு மட்டும் அது சரி.

சேவலைப் பொறுக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, அது பெட்டைகளோடு எப்படிப் பழகுகிறது என்பது. நிறம், வால், கொண்டை எல்லாம் அப்புறம். சித்தி ஊருக்கு ஒருமுறை போங்கள், சேவலைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், திண்ணையில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். பிறகு ஒரு கை கம்பை எடுத்து அதன் முன்னால் இறையுங்கள். நல்ல சேவல் ஒரு மணியைக் கொத்தி எடுத்து, விழுங்காமல் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, தொண்டைக்குள்ளேயே கொக் கொக் கொக் என்று வேகமாகக் கூப்பிடும். பெட்டைகள் தலைதெறிக்க ஓடி வரும். அவை தின்னும்போது இது தலையை நிமிர்த்தி ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கூப்பிட்டால் பெட்டை ஓடி வருகிறதா என்பதையும் பாருங்கள், பொய்யாகக் கூப்பிட்டு ஏமாற்றும் சேவலின் குரலுக்குப் பெட்டைகள் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிடும். இன்னொரு வகை இருக்கிறது, கம்பு விழுந்ததும் பெட்டையைக் கொத்தி விரட்டிவிட்டு முழுவதையும் தானே தின்னும். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மிதிப்பதற்கு முன் ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்திக்கொண்டு பெட்டையைச் சுற்றி வருகிறதா என்றும் கவனியுங்கள். அப்படிச் சுற்றினால் பெட்டை பெரும்பாலும் தானாகவே குந்தும். சுற்றாமல் ஓடிப்போய்ப் பிடரி மயிரைப் பிடித்து அமுக்கும் சேவல் இருக்கும் இடத்தில் பெட்டைகள் பகலிலேயே கூண்டுக்குள் பதுங்கிக் கிடக்கும். பதுங்கினால் மேய்ச்சல் போச்சு, முட்டையும் குறையும்.

சாம்பல் சேவல் இதில் தேறினால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயது நல்ல வயது.


கரிசல்காட்டான்:

அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பெருவிடைச் சேவலைக் குறை சொல்லாதீர்கள். சகோதரி குஞ்சு விற்கிறேன் என்று சொல்கிறார். சிறுவிடைச் சேவல் 8 மாதம் வளர்த்தாலும் ஒன்றரை கிலோ, அதே 8 மாதத்தில் கலப்புச் சேவல் இரண்டரை கிலோ வரும், கறிக்கு விற்கும்போது கையில் வரும் காசு வேறு. ஆளைப் பாயும் குணமும் பெருவிடையில் குறைவு. நான் வைத்திருக்கும் சேவலை என் பையன் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவையே சுற்றுவான், ஒன்றும் செய்யாது. சேவலுக்குச் சேவல்தான் அதற்கு ஆகாது.

ஆனால் ஒன்று, கட்டுக்கு, அதாவது சேவல் சண்டைக்கு, விட்டுப் பழகிய சேவலை வீட்டுப் பெட்டைகளுக்கு வாங்காதீர்கள். கால் முள் அறுத்த தடம், கொண்டையும் தாடியும் வெட்டிய தடம், கழுத்திலும் மார்பிலும் பழைய தழும்பு இருந்தால் அதுதான். வளர்ந்துவரும் சேவல் குஞ்சுகளைக் கூடக் கொன்றுவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏன் கொடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 3,500 என்பது இப்போதைக்கு அதிகம், புரட்டாசி நடக்கிறது, பாதிப் பேர் கறி தின்னாத மாதம், விலை இறங்கித்தான் இருக்கும். தீபாவளி நெருங்கினால் ஏறிவிடும்.


அமராவதிக்கரை:

தம்பி சொல்வது சரி, பெருவிடை மாதிரி அசில் வகைச் சேவல் மனிதரோடு நன்றாகப் பழகும், அதை நான் மறுக்கவில்லை. பெட்டையும் பெருவிடையாக இருந்தால் நானே வாங்கச் சொல்வேன், அப்போதும் ஒரு சேவலுக்கு 5, 6 பெட்டை போதும். அம்மிணியிடம் இருப்பது சிறுவிடை. அதன் அருமையே வருடத்துக்கு 3, 4 தடவை தானாக அடைக்கு உட்கார்ந்து, பொரித்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றி வளர்த்துக் கொடுப்பதுதான். முதுகு கிழிந்த கோழி அடைக்கு உட்காராது. எடை வேண்டும் என்று போய் உள்ளதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.


கூண்டுக்காரி:

அக்கா, எந்தச் சேவலை எடுத்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி, நேராகக் கோழிகளோடு விடாதீர்கள். தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள். 3 வருடத்துக்கு முன் ஒரு சந்தையில் ஒரு சேவல் வாங்கினேன், பளபளவென்று இருந்தது, அன்று சாயங்காலமே கூண்டில் விட்டேன். ஐந்தாம் நாள் அது கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. பத்து நாளில் 14 கோழியில் 11 போய்விட்டது. வெள்ளைக் கழிச்சல். கடைசியில் மிஞ்சிய 3 கோழியில் ஒன்று கழுத்து திருகி, நட்சத்திரம் பார்ப்பதுபோல் மேலேயே பார்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. எந்தக் கோழிக்கும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை, அது என் தப்பு.

அதனால் புதுச் சேவலுக்கு 3 வாரம் தனிக் கூண்டு, வீட்டின் மறுபக்கத்தில். தண்ணீர்ச் சட்டி, தீவனத் தட்டு எல்லாம் வேறு. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில் புதியதிடம் போங்கள், வந்ததும் கை கால் கழுவிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது நான் இப்போது பார்ப்பதையும் சொல்கிறேன். சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் மார்பெலும்பைத் தடவுவேன். கத்தி முனை போலக் குத்தினால் உள்ளே ஏதோ நோய் இருக்கலாம், இருபக்கமும் சதை வைத்து, எலும்பு வளையாமல் நேராக இருக்க வேண்டும். அப்புறம் அதன் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்பேன், கறகற என்றால் சளி. அலகைத் திறந்து உள்ளே மஞ்சள் படலம் இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, பின்புற மயிரில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, இறக்கைக்கடியில் பேன் ஓடுகிறதா, எல்லாம் பார்த்துவிட்டுப் பாதத்தைத் திருப்பி உள்ளங்காலில் ஆணி மாதிரி கறுப்புத் தடிப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். கால் செதில் வழவழப்பாகப் படிந்து இருக்க வேண்டும், சொரசொரவென்று தூக்கிக்கொண்டு நின்றால் செதிலுக்கடியில் பூச்சி இருக்கிறது. எடை போட்டு வாங்குவதாக இருந்தால் இரைப்பையையும் அமுக்கிப் பாருங்கள், தானியத்தைத் திணித்துக் கொண்டுவருவார்கள். விற்பவர் முன்னால் இவ்வளவும் செய்யக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள் அக்கா.


முருங்கைமரத்தடி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுச் சேவலைத் தனியாக அடைத்துவிட்டேன். அமராவதிக்கரை அண்ணா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கம்பு இறைத்ததும் அந்தச் சாம்பல் சேவல் அப்படியே கூப்பிட்டுக் கொடுத்தது, ஒரு நொண்டிப் பெட்டை கடைசியாக வந்தது, அது வந்து தின்னும் வரை பக்கத்திலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பழைய சேவலும் அப்படித்தான்.

இன்னும் சில சந்தேகம். எத்தனை நாள் கழித்து வைக்கும் முட்டை இந்தச் சேவலுடையது என்று நம்பலாம்? கழுத்தறுத்தான் பெட்டைக்கு இந்தச் சேவலைப் போட்டால் குஞ்சும் கழுத்தறுத்தானாக வருமா? அப்புறம் என் வீட்டுக்காரர் வனராஜா சேவல் ஒன்று கிடைக்கிறது, அதையும் சேர்த்து விடலாமா என்று கேட்கிறார்.


வேப்பங்கொட்டை:

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெட்டைக்கோழி ஒருமுறை வாங்கிய விந்தை உடம்புக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். சேவலை எடுத்த பிறகும் 10 நாள், 2 வாரம் வரை கரு கூடிய முட்டை வரும், சிலவற்றில் அதற்கு மேலும் வரும். அதனால் வீட்டுச் சேவலைப் பிரித்த நாளிலிருந்து 3 வாரம் கழித்து வரும் முட்டைகளை மட்டும் அடைக்குச் சேருங்கள். நீங்கள் புதுச் சேவலை 3 வாரம் தனியாக வைக்கப் போகிறீர்கள், அதனால் இந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிடும். புதுச் சேவலை விட்ட பிறகு ஒரு வாரம் பொறுத்து முட்டை சேர்க்கத் தொடங்கினால் போதும்.

அடைக்கு வைக்கும் முன் சமையலுக்கு உடைக்கும் முட்டைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மஞ்சள் கருவின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். அது திட்டாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் மிதி படாத முட்டை. வட்டமாக, நடுவில் தெளிந்து சுற்றிலும் வளையம் போட்டது மாதிரி இருந்தால் கரு கூடியது. நாலைந்து முட்டை உடைத்துப் பார்த்தாலே சேவல் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும், 21 நாள் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை. அடைக்கு வைத்த ஏழாம் நாள் இரவு இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி கால் விரித்தது போல் ரத்த நாளம் ஓடும். ஓடாததை எடுத்துவிடுங்கள்.

கழுத்தறுத்தானில் அந்தக் குணம் மேலோங்கி நிற்கும் குணம், ஒரு பக்கத்துப் பெற்றோரிடம் இருந்தாலே குஞ்சில் தெரியும். உங்கள் பெட்டையின் கழுத்தின் முன்பக்கம், இரைப்பைக்கு மேலே, சின்னக் குஞ்சம் மாதிரி மயிர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் குஞ்சில் ஏறக்குறைய பாதி கழுத்தறுத்தானாக வரும். குஞ்சமே இல்லாமல் கழுத்து முழுக்க வெறுமையாக இருந்தால் எல்லாக் குஞ்சும் வரும், ஆனால் அவற்றுக்குக் குஞ்சம் இருக்கும். வெயில் ஊருக்கு நல்ல இனம் அது, உடம்பில் மயிர் குறைவு, சூடு தாங்கும். விட்டுவிடாதீர்கள்.

வனராஜா வேண்டாம். அந்தக் கோழி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, புறக்கடைக்கு என்றே ஹைதராபாத்தில் உருவாக்கியது, முட்டையும் கறியும் நன்றாகத்தான் வரும். ஆனால் அது பல வழிகளைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. அதை வைத்து நீங்கள் குஞ்சு எடுத்தால் குஞ்சுகள் ஒன்று போல் வராது, அதைவிட, அடைக்கு உட்காரும் குணம் பேத்தி தலைமுறைக்குள் தேய்ந்துபோகும். அப்புறம் இன்குபேட்டர் வாங்க வேண்டும், மின்சாரம் போனால் கவலைப்பட வேண்டும். இப்படி அடைக்கோழியே இல்லாமல் போன வீடுகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், திரும்பச் சிறுவிடை தேடி ஊர் ஊராக அலைவார்கள்.

சேவலுக்குத் தாய் எப்படிப்பட்டது என்று சித்தியிடம் கேளுங்கள். சேவல் முட்டையிடாது, அடைக்கு உட்காராது, ஆனால் அந்த இரண்டு குணத்தையும் தன் தாயிடமிருந்து வாங்கி உங்கள் வீட்டுக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். நன்றாக முட்டையிட்டு, நன்றாகக் குஞ்சு காத்த கோழியின் மகனாக இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

9 பெட்டைக்கு ஒரு சேவல் சரியான அளவு. இரண்டு விட்டால் சண்டை போட்டே நேரம் போகும், ஒன்று மிதிக்கும்போது இன்னொன்று தள்ளிவிடும், கூமுட்டைதான் கூடும். 2 வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சேவலாக மாற்றிக்கொண்டே வாருங்கள். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை விடாதீர்கள், குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, 8 வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.


முருங்கைமரத்தடி:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சாம்பல் சேவல் வந்துவிட்டது. தாயைப் பற்றிச் சித்தியிடம் கேட்டேன், ஒரு ஈட்டில் 14 முட்டை போடுமாம், போன வருடம் கீரியோடு சண்டை போட்டுக் குஞ்சைக் காப்பாற்றிய கோழியாம். 3 வாரம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனிக் கூண்டில் வைத்தேன். திறந்துவிட்ட முதல் நாள் பெரிய பெட்டை, அந்தக் கலப்புக்கோழி, இதை ஓட ஓட விரட்டியது, எனக்குப் பயமாகிவிட்டது. நாலாம் நாள் எல்லாம் சேர்ந்து மேய்ந்தன. மகள் கையில் கம்பு வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள், அது பக்கத்தில் வந்தது, கையில் கொத்தாமல் கீழே சிந்தியதை எடுத்துப் பெட்டைகளுக்குப் போட்டது.

போன வாரம் வல்லூறு ஒன்று தாழப் பறந்தது. இது இழுத்தாற்போல் மெல்லிய குரலில் ஒரே ஒரு கத்து கத்தியது, அடுத்த நொடி ஒரு கோழியைக் கூடக் காணோம், எல்லாம் முருங்கைக்கும் வேலிக்கும் அடியில். நாய் வந்தால் வேறு மாதிரி விடாமல் கொக்கரிக்கிறது, அப்போது அவை மேலே ஏறுகின்றன. இந்த வித்தியாசத்தை இத்தனை வருடம் நான் கவனித்ததே இல்லை.

வீட்டுச் சேவலைத் தீபாவளிக்கு விற்றுவிட்டேன், அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் வீட்டுக்காரர் பெருவிடையை இன்னும் மறக்கவில்லை, அந்தக் கலப்புக்கோழியை மட்டும் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அந்தச் சேவலோடு இரண்டு வாரம் விட்டு எடுத்து வரலாம் என்கிறார். செய்யலாமா, அதற்கும் திரும்பி வந்த பிறகு 3 வாரம் தனிக் கூண்டு வேண்டுமா?

அடைக்கு 12 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் ராத்திரி அத்தையும் நானும் டார்ச் அடித்துப் பார்த்தோம், 11இல் நாளம் ஓடியது. அத்தை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார், திரும்ப வைக்கவே மனம் வரவில்லை அவருக்கு. இன்று 16ஆம் நாள். மழையாக இருக்கிறது, கூடையை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டோம்.


கூண்டுக்காரி:

அக்கா, வேண்டும். வெளியே போய் வந்த கோழியும் புதுக் கோழி மாதிரிதான். பொரித்ததும் எத்தனை வந்தது என்று சொல்லுங்கள், சொட்டு மருந்துக்கு இப்போதே மருந்தகத்தில் சொல்லி வையுங்கள்.